தண்டலின் சம்பளம்

கடந்த ஆண்டு எங்கள் தொழிற்சாலையில் எனக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். உதவி மேலாளர் பதவி. அடிப்படைச் சம்பளம் 3,800 ரிங்கிட்டிலிருந்து 4,200 ரிங்கிட்டாக உயரும். எச்.ஆர். அறையில் எல்லோரும் கைகுலுக்கினார்கள். நானும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். கார் நிறுத்துமிடத்தில் நின்று கைப்பேசியில் கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது, மாதம் ஏறக்குறைய 700 ரிங்கிட் எனக்குக் குறையப் போகிறது.

கணக்கு எளிமையானது. 3,800ஐ 26 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 18 ரிங்கிட் 27 காசு. ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு, அதாவது 27 ரிங்கிட் 40 காசு. இயந்திரம் பழுதானால் சரிசெய்யும் வரை நின்றாக வேண்டிய பிரிவு எங்களுடையது. மாதத்துக்கு 40 மணி நேரம் ஓ.டி. சாதாரணமாக வந்துவிடும். அது மட்டும் 1,096 ரிங்கிட். மொத்தம் 4,896. உதவி மேலாளருக்கு ஓ.டி. கிடையாது. ஆனால் இயந்திரம் அப்போதும் பழுதாகும்.

வீட்டில் சொன்னேன். மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "இதுல யோசிக்க என்னடா இருக்கு? மேனேஜர்னு கார்டு அடிச்சா பொண்ணு பாக்கப் போற எடத்துல தலநிமிர்ந்து சொல்லலாம்." அம்மா, "காசு கொறையுதுன்னா அப்புறம் எதுக்கு அந்தப் பேரு?" என்றார். இரண்டு பேர் சொன்னதும் எனக்கு நியாயமாகவே பட்டது.

பாட்டி மட்டும் வேறு ஒன்றைக் கேட்டார். "ஒனக்குக் கீழ எத்தன பேரு?"

"பதினோரு பேரு பாட்டி."

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஒங்க தாத்தா தண்டலானப்பவும் சம்பளம் கொறஞ்சுதான் போச்சு."

தாத்தா தண்டலாக இருந்தார் என்பது குடும்பத்தில் பெருமையாகச் சொல்லப்படும் விஷயம். அதில் சம்பளம் குறைந்த கதையை அதுவரை யாரும் சொன்னதில்லை. அதற்குப் பிறகுதான் இந்த நாட்டில் பதவிப் பெயர்களுக்கும் கூலிக்கும் இருந்த உறவைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நான் வரலாறு படித்தவன் இல்லை, பொறியியல்காரன். ஆனாலும் கையில் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு படிக்கும்போது வரலாறு வேறு மாதிரி தெரிகிறது.

*

நம் தோட்டத்துப் பதவிப் பெயர்களே ஒரு சிறிய வரலாறு. கங்காணி என்பது கண்காணி. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்ப்பவரைக் குறிக்க வரும் அதே சொல். தண்டல் என்றால் வரி வசூல். படகோட்டிகளின் தலைவனுக்கும் அதே பேர்தான். இதே வேலைக்கு மலாயில் சொல்லும் மண்டோர், போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது. கிராணி என்பது வட இந்தியாவிலிருந்து கிளம்பி, வெள்ளைக்காரர்களின் அலுவலகங்கள் வழியாக மலாய்க்கும் தமிழுக்கும் வந்து சேர்ந்த சொல். இவர்களுக்கு நடுவில் கண்டக்டர். எல்லோருக்கும் மேலே துரை. பெயர்கள் பல மொழியிலிருந்து வந்தாலும், காலைப் பெரட்டில் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

கங்காணியின் வருமானத்தைப் பார்த்தால் இந்த ஏணி எப்படி வேலை செய்தது என்று புரியும். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிமுறையில் ஆள் எடுப்பது 1910இல் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே கங்காணி முறை வேரூன்றிவிட்டது. 1907இல் அமைக்கப்பட்ட இந்தியக் குடியேற்றக் குழுவும் அதன் நிதியும் அதற்குத் துணை நின்றன. தோட்டத்தில் வேலை செய்த ஒருவரையே உரிமம் கொடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். அவர் தன் ஊரிலிருந்தும் சொந்தபந்தத்திலிருந்தும் ஆள் சேர்த்துக்கொண்டு நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏற்றுவார். கொண்டுவந்த ஆளுக்கு இவ்வளவு என்று தரகு. இங்கே வந்த பிறகும் அந்தக் கணக்கு முடிவதில்லை. அவருடைய கும்பலிலிருந்து ஒரு நாளில் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்களோ, அத்தனை தலைக்கும் ஓரிரு காசு அவருக்குச் சேரும். இதற்குத் தலைக்காசு என்று பேர்.

இதைப் படித்தபோது பொறியாளனாக எனக்கு முதலில் தோன்றியது, எவ்வளவு கெட்டிக்காரத்தனமான வடிவமைப்பு என்பதுதான். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் கங்காணிக்குக் காசு குறையும். ஒரு குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டால் காசு குறையும். எனவே காய்ச்சல்காரனை எழுப்புவதும் ஓடப் பார்ப்பவனைத் தடுப்பதும் துரையின் வேலையாக இல்லாமல், அதே ஊர்க்காரனான, சில சமயம் சித்தப்பனான கங்காணியின் வேலையாகிவிடுகிறது. தோட்டம் ஒரு கூலியாளை உயர்த்தி வைத்தது. அந்த உயரத்துக்கான காசு அவனுக்குக் கீழே இருந்தவர்கள் தினமும் பெரட்டுக்கு வந்து நிற்பதிலிருந்து வந்தது.

கங்காணிகள் எல்லோரும் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கோயில் கட்டியவர்கள், சண்டை தீர்த்தவர்கள், கல்யாணம் செய்துவைத்தவர்கள் அவர்கள். தெரியாத நாட்டில் தெரிந்த முகம். அந்தப் பழக்கமும் நம்பிக்கையும்தான் தோட்டத்துக்குத் தேவைப்பட்டது. அதைத்தான் அது விலைக்கு வாங்கியது.

*

கிராணியின் கதை வேறு. அவருக்குத் தலைக்காசு இல்லை. மாதச் சம்பளம். இந்த ஒரு வேறுபாடு தோட்டத்தையே இரண்டாகப் பிரித்தது. பால் வெட்டுபவருக்கு நாள் கூலி. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் கூலி போய்விடும். கிராணிக்கு மழையிலும் சம்பளம் உண்டு. லயத்திலிருந்து தள்ளித் தனி வீடு உண்டு. ஆங்கிலம் தெரிந்தவர்கள் என்பதால் இலங்கைத் தமிழர்களும் மலையாளிகளும் இந்த வேலைகளில் அதிகம் இருந்தார்கள். வெள்ளைக்கார உதவித் துரைக்குக் கிடைத்ததோடு ஒப்பிட்டால் அவர்களுடைய சம்பளம் சிறியது. மேலே போகும் வழியும் அடைக்கப்பட்டிருந்தது. துரை பதவி அவர்களுக்கு வராது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அப்படியானால் மிச்சச் சம்பளம் எதில் கொடுக்கப்பட்டது? இதற்கான பதிலை 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த வேலைநிறுத்தத்துக்குப் பின்னணியில் பத்தாண்டுக் கூலிக் கதை இருக்கிறது. 1930இல் ரப்பர் விலை சரிந்தபோது ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாள் கூலியை 40 என்றும் 32 என்றும் குறைத்தார்கள். வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி வந்து பார்த்து அறிக்கை எழுதினார். 1938 ஜூன் மாதம் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிபெற்று ஆள் வருவதையே நிறுத்தியது. கங்காணியின் ஆள்சேர்ப்பு அதோடு முடிந்தது. பிறகு போர் தொடங்கியது, ரப்பருக்கு மீண்டும் விலை வந்தது, கூலி மட்டும் பின்தங்கி நின்றது. ஆர். எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் முன்னின்ற போராட்டத்தில், சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி வேண்டும் என்பது முதன்மையான கோரிக்கை. பள்ளிக்கூடம், மருத்துவம், கள்ளுக்கடையை மூடுவது, பெண்களைத் தொந்தரவு செய்வதை நிறுத்துவது என்று பட்டியல் நீளும். அதில் ஒன்று: வெள்ளைக்கார நிர்வாகிகளுக்கும் ஆசிய அலுவலர்களுக்கும் எதிரே தொழிலாளி சைக்கிள் ஓட்டிப் போக அனுமதி வேண்டும்.

துரைக்கு மட்டும் இல்லை, ஆசிய அலுவலருக்கும்தான். கிராணி எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் எங்கும் இல்லாத, கம்பெனிக்கு ஒரு காசும் செலவு வைக்காத சம்பளம் இது. கிராணிக்குக் கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் சைக்கிளில் வந்தவர்.

மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். போராட்டம் பரவியது, ராணுவம் வந்தது, சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். கூலிக்காக நடந்த போராட்டம் என்று இதை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். சரிதான். ஆனால் கூலி கேட்டவர்கள் அதே தாளில் சைக்கிளையும் எழுதினார்கள். பேரும் கூலியும் ஒரே கணக்கின் இரண்டு பத்திகள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

*

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் போய்விட்டது. கோடு மட்டும் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 1954இல் தோட்டத் தொழிலாளர்களின் சங்கங்கள் இணைந்து பி. பி. நாராயணன் தலைமையில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமானபோது, தோட்ட அலுவலர்களுக்குத் தனிச் சங்கம் இருந்தது. 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம் இன்னொரு கோட்டைப் போட்டது. நிர்வாகப் பொறுப்பிலும் எக்சிகியூட்டிவ் பொறுப்பிலும் இருப்பவர்களுக்காக, அப்படிப்பட்ட பொறுப்பில் இல்லாதவர்கள் பெரும்பான்மையாக உள்ள சங்கம் அங்கீகாரம் கேட்க முடியாது. மேலாளர் பதவிக்கு உயர்த்தப்பட்டவரைச் சங்கத்திலிருந்து விலகச் சொல்லவும் முதலாளிக்கு வழி இருக்கிறது. ஒருவருக்குப் பேர் மாறினால் அவருக்காகப் பேசக்கூடியவர்களும் மாறிவிடுகிறார்கள்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் ஒரு சின்ன இடம் எனக்குப் பிடித்திருந்தது. அதன் முதல் அட்டவணையில், உடலுழைப்புத் தொழிலாளர்களின் வேலை நேரம் முழுக்கக் கூடவே இருந்து மேற்பார்ப்பவரும் சேர்க்கப்பட்டிருக்கிறார், அவருடைய சம்பளம் எவ்வளவாக இருந்தாலும். இது அப்படியே தண்டல்தான். காட்டில் நிற்கிற வரைக்கும் அவன் தொழிலாளி. மற்றவர்களுக்குச் சம்பள வரம்பு வைத்தார்கள். 2022 கடைசி வரைக்கும் அது 2,000 ரிங்கிட். 2023 ஜனவரி 1 முதல் சட்டம் எல்லோருக்கும் பொருந்தும், ஆனால் 4,000க்கு மேல் சம்பளம் வாங்குபவருக்குச் சட்டப்படி ஓ.டி. கொடுக்க வேண்டியதில்லை.

எனக்கு ஓ.டி. கிடைக்கத் தொடங்கியதே அந்த ஜனவரியில்தான். அதற்கு முன் என் சம்பளம் வரம்பைத் தாண்டியது, இரவெல்லாம் நின்றாலும் மறுநாள் ஒரு நன்றிதான். இப்போது 4,200 ரிங்கிட்டோடு கண்ணாடி அறைக்குள் ஒரு மேசை கொடுக்கிறார்கள். ஒரே கடிதத்தில் கோட்டின் அந்தப் பக்கம். இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. திட்டமிடாமலே நடக்கும் அளவுக்குப் பழகிப்போன வழி இது என்றுதான் தோன்றியது.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுங்கைப்பட்டாணிக்குப் போய்ப் பாட்டியிடம் தாத்தா கதையை முழுதாகக் கேட்டேன்.

தாத்தா தண்டலானது 1970களில். அதுவரை இரண்டு பேரும் பால் வெட்டினார்கள். வெட்டுபவருக்கு அடிப்படைக் கூலிக்கு மேல், எடுக்கும் பாலுக்கும் ரப்பர் விலைக்கும் ஏற்றபடி கூடுதல் வரும். தாத்தா கைவேகக்காரர். தன் நிரையை முடித்துவிட்டுப் பாட்டியின் நிரைக்கு ஓடிவந்து அவருடைய பாலையும் காண்டாவில் தூக்கிக்கொண்டு போவார். மத்தியானம் குத்தகைக்குப் புல் வெட்டுவார். தண்டலானதும் இதெல்லாம் நின்றுபோனது. விடியுமுன் பெரட்டில் முதல் ஆளாக நிற்க வேண்டும். கூலி நிலையானது, பாலோடு ஏறாது. குத்தகை வேலை தண்டலுக்குத் தகாது.

"அது கொறஞ்சதுகூட பரவால்லடா," என்றார் பாட்டி. "நெரை பிரிச்சுக் குடுக்கிறது அவரு கையில வந்துச்சு. பொண்டாட்டிக்கு நல்ல நெரையக் குடுத்துட்டான்னு ஒருத்தரும் சொல்லிறக் கூடாதாம். என்னைய மேட்டுக்காட்டுக்கு அனுப்பிட்டாரு. கெழட்டு மரம். பாலும் இல்ல, எறங்கவும் முடியாது. நாலு வருசம்."

"நீங்க கேக்கலையா?"

"கேட்டேன். 'நான் தண்டலு, நீயே இப்டிப் பேசலாமா'ன்னாரு." சிரித்தார். "அவருக்குப் பேரு கெடச்சிச்சு. எனக்கு முட்டி போச்சு."

தாத்தா நேர்மையானவர் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான். அந்த நேர்மைக்கான செலவு பாட்டியின் முட்டியிலிருந்து வந்திருக்கிறது. கங்காணியின் தலைக்காசுக்கும் கிராணிக்காகச் சைக்கிளை விட்டு இறங்கியதற்கும் பக்கத்தில் இதையும் வைத்துப் பார்த்தேன். மோசமான மனிதர் ஒருவரும் தேவைப்படவில்லை. நல்ல மனிதர் ஒருவரை ஒரு படி ஏற்றிவிட்டாலே போதுமாக இருந்திருக்கிறது.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவரிடம் வேறு கணக்கு இருந்தது. தண்டல் மகன் என்பதால் பெரிய கிராணி வீட்டுப் பின்வாசல் வரை அவர் போகலாம். அங்கே பழைய ஆங்கிலச் செய்தித்தாள்களைக் கட்டாகக் கொடுப்பார்கள். அப்பா ஆங்கிலம் படித்தது அந்தத் தாள்களில்தான். "அந்தப் பேரு இல்லன்னா எனக்கு அந்த வாசல் இல்ல. வாசல் இல்லன்னா நீ என்ஜினியர் இல்ல. பாட்டி சொல்றதையும் எழுது, இதையும் எழுது," என்றார். எழுதிவிட்டேன். பேருக்குப் பின்னால் போனவர்களை ஏமாந்தவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராததற்கு அப்பாதான் காரணம். அவர்கள் தங்கள் காலத்துக்குக் கூலி வாங்கவில்லை, அடுத்த தலைமுறைக்கு வாங்கினார்கள். அந்த அடுத்த தலைமுறைக்குப் பிறந்தவன் நான்.

*

அன்றிரவு கடிதத்தை மறுபடி எடுத்தேன். சம்பளம் இருந்த முதல் பக்கத்தைத்தான் அதுவரை திரும்பத் திரும்பப் பார்த்திருந்தேன். இரண்டாம் பக்கத்தில் பொறுப்புகள். மூன்றாவது வரி: பிரிவின் ஓ.டி. செலவை ஓராண்டுக்குள் இருபது விழுக்காடு குறைப்பது. என் ஆண்டு போனஸ் அதைப் பொறுத்தது.

பாட்டி ஏன் எத்தனை பேர் என்று கேட்டார் என்பது அந்த வரியில் புரிந்தது. பதினோரு பேரின் ஓ.டி. தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டும். அவர்களுக்குக் குறைகிற ஒவ்வொரு மணி நேரமும் எனக்குப் புள்ளி. தலைக்காசைத் தலைகீழாகத் திருப்பியது போல. அந்தப் பதினோரு பேரில் ஓர் அண்ணன் இருக்கிறார். தமிழ்ப்பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளின் வேன் காசும் டியூஷன் காசும் ஓ.டி.யிலிருந்துதான் வருகிறது என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். நான் நேர்மையாக இருக்க விரும்பினால் முதலில் யாருடைய மணி நேரத்தை வெட்டுவேன்? என்னோடு தினமும் சாப்பிடுகிற அவருடையதைத்தான். தாத்தாவின் ரத்தம்.

திங்கட்கிழமை எச்.ஆர். அறைக்குப் போய் இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, இப்போது என் கைக்கு வருவதற்குச் சமமாக அடிப்படைச் சம்பளம் வேண்டும். இரண்டு, ஆட்களைக் கூட்டாமல் ஓ.டி. குறைக்கும் இலக்கை என் போனஸோடு கட்டக்கூடாது. முதலாவதற்கு, 4,400 வரை பார்க்கலாம் என்றார்கள். இரண்டாவது மேலிடத்தின் கொள்கையாம், மாற்ற முடியாதாம். வாய்ப்பு எப்போதும் வராது என்பதையும் அன்பாகவே சொன்னார்கள். அது பொய் இல்லை. நான் மறுத்துவிட்டேன்.

இரண்டு வாரத்தில் வேறொரு பிரிவிலிருந்து ஒருவர் அந்தப் பதவியை ஏற்றுக்கொண்டார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். வீட்டுக்கடன் விண்ணப்பத்துக்கு மேலாளர் என்ற பேர் உதவும் என்று சொன்னார். அவருக்குக் கைகொடுத்தேன், மனதார. எங்கள் ஓ.டி. இப்போது குறைந்துகொண்டுதான் வருகிறது. என்னுடையதும் சேர்த்து. ஆக, நான் மறுத்ததால் அந்த அண்ணனின் வேன் காசு காப்பாற்றப்பட்டுவிடவில்லை. அந்தத் தாளில் என் கையெழுத்து இல்லை, அவ்வளவுதான். அது பெரிய விஷயமா என்று சில இரவுகளில் எனக்கே சந்தேகம் வருகிறது.

பாட்டியிடம் சொன்னேன். "அப்ப அதே பேருதானா?" என்றார்.

"அதே பேருதான் பாட்டி."

"சரி. அந்தத் தைலத்த எடு," என்று முட்டியைக் காட்டினார்.